தவறு செய்பவருக்கு உண்மை சொல்லலாமா?

2025 ஜூலை இறுதியில் மும்பை சாக்கிநாக்கா போலீசார் மைசூருக்கு வந்து, ரிங் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு கொட்டகையில் சோதனை போட்டார்கள். உள்ளே மெஃபெட்ரோன் தயாராகிக்கொண்டிருந்தது. மும்பைத் தெருக்களில் எம்.டி. என்றும் மியாவ் மியாவ் என்றும் கைமாறும் சரக்கு அது. அந்த வழக்கில் பிடிபட்டதன் மதிப்பு ஏறத்தாழ 390 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னார்கள். அதற்குப் பத்து மாதம் முன்னால், 2024 செப்டம்பர் கடைசியில், கிருஷ்ணராஜசாகர் அணையின் பின்நீர்ப் பகுதியில் மீனாட்சிபுரம் அருகே நடந்த ஓர் இரவு விருந்துக்குள் மைசூரு மாவட்டப் போலீசார் புகுந்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, போதைப்பொருள் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ரத்தமாதிரி சேகரித்தார்கள். அரண்மனைக்கும் யோகாவுக்கும் ஓய்வூதியர்களின் அமைதிக்கும் பெயர்போன ஊரில் இப்படியா என்ற அதிர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. வெளிமாநிலத்துப் போலீஸ் வந்து காட்டும்வரை உள்ளூரில் ஒருவருக்கும் தெரியாமல் போனது எப்படி என்று கேட்டார்கள். பிள்ளைகளை இதிலிருந்து எப்படிக் காப்பது என்றும் கேட்டார்கள். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மாத்திரையை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு, இன்றிரவு விழுங்கப்போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு நாம் ஏதாவது கடமைப்பட்டிருக்கிறோமா? அவர் செய்யப்போவது தவறு என்பதை ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். தவறே இல்லை என்று வாதாடுபவர்களுக்கு இந்தக் கேள்வியில் சிக்கல் எதுவும் கிடையாது. தவறு என்று நினைப்பவர்களுக்குத்தான் இது அறம் சார்ந்த கேள்வியாகிறது.

தீங்குக் குறைப்பு என்று பொதுச் சுகாதாரத் துறையில் சொல்வது இதைத்தான். போதைப்பொருள் எடுப்பதை ஒருவர் நிறுத்தவில்லை. அவர் நிறுத்தும்வரை சாகாமல் பார்த்துக்கொள்வது. இசைவிழா நடக்கும் இடத்தில் ஒரு கூடாரம் போட்டு, கொண்டுவரும் மாத்திரையிலிருந்து ஒரு துளி சுரண்டி எடுத்துச் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது அதன் ஒரு வடிவம். மயங்கி விழுந்தவரின் நண்பர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அவர்மேல் வழக்குப் போடாமல் இருப்பது இன்னொரு வடிவம். இதற்கு எழும் எதிர்ப்புகளிலேயே வலுவானதை மருத்துவரோ போலீசோ சொல்வதில்லை, சமயம் சொல்கிறது. மைசூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சுற்றில் இருக்கும் சிரவணபெளகொளாவின் மரபு அதை மிகத் துல்லியமாக வகுத்துவைத்திருக்கிறது. ஒரு தீவினையைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது ஆகிய மூன்றுமே வினையாகும் என்கிறது சமணம். மூன்றையும் மனம், வாக்கு, உடல் மூன்றாலும் செய்ய முடியும் என்று மேலும் பிரிக்கிறது. அப்படியானால் கூடாரத்தில் உட்கார்ந்து, இந்த மாத்திரையில் இன்னது இவ்வளவு இருக்கிறது என்று சொல்பவர் வாக்கால் உடன்படுகிறவர்தானே? போதையைக் கண்டிக்கும் ஒரு சமூகம் அந்தக் கூடாரத்துக்கு இடம் கொடுத்தால், அது மனத்தால் உடன்பட்டுவிட்டது என்றுதானே பொருள்?

இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இதைச் சொன்ன மரபே உடன்பாடு எங்கே தொடங்குகிறது என்பதையும் நுணுக்கமாக யோசித்திருக்கிறது. திகம்பரத் துறவி ஒரு நாளில் ஒருவேளை மட்டும், நின்றபடி, கையில் வாங்கி உண்கிறார். அந்தச் சோறு இல்லறத்தார் வீட்டு அடுப்பில் வெந்தது. சமணக் கணக்கில் நெருப்பிலும் நீரிலும் உயிர்கள் உண்டு. எனவே சமையல் என்பது உயிர்க்கொலை. அந்தக் கொலையில் துறவிக்குப் பங்கு உண்டா? இல்லை என்பதற்கு மரபு சொல்லும் காரணம், அவர் சமைக்கச் சொல்லவில்லை, தனக்கென்று சமைத்ததை ஏற்பதில்லை, சமைத்ததைக் கொண்டாடவும் இல்லை என்பது. தீவினைக்குப் பக்கத்தில் நிற்பதும், அது நடக்கும் என்று தெரிந்திருப்பதும், அதைச் செய்பவரோடு பழகுவதும் தம்மளவில் உடன்பாடு ஆகிவிடாது என்ற முடிவு இல்லாமல் இந்த ஏற்பாடு ஒரு நாளும் நின்றிருக்காது. உடன்படுவதற்கு அந்தச் செயல் நடக்கவேண்டும் என்ற விருப்பம் வேண்டும், நடந்ததில் ஒரு மகிழ்ச்சி வேண்டும். கூடாரத்தில் இருக்கும் வேதியியலாளருக்கு அந்த விருப்பம் கிடையாது. அந்த மாத்திரை குப்பைத்தொட்டிக்குப் போனால்தான் அவருக்கு நிம்மதி.

இதே மரபில் இன்னொரு படியும் இருக்கிறது. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்று அது பிரித்தது. முழுதாக விடமுடியாதவர்கள் ஓர் எல்லைவரை விடட்டும், பிறகு அந்த எல்லையைச் சுருக்கட்டும் என்ற படிமுறையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. 1949-ல் ஆச்சார்ய துளசி அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு ஓர் இயக்கமாக நாடெங்கும் கொண்டுபோனார். அணுவிரதம் வகுத்தவர்கள் இல்லறத்தாரின் மீதி வன்முறைக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள் என்று யாரும் குற்றம் சாட்டுவதில்லை. கள்ளையோ அவர்கள் இல்லறத்தாருக்கும் அடியோடு விலக்கினார்கள் என்பதை இங்கே மறைக்கக்கூடாது. மது, மாமிசம், தேன் மூன்றும் சமண இல்லறத்தாருக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று அவர்கள் காட்டிய காரணங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. புளிக்கவைப்பதில் எண்ணற்ற உயிர்கள் சாகின்றன என்பது ஒன்று. போதை ஏறியவன் தன்னை மறந்து வன்முறையில் இறங்குவான் என்பது மற்றொன்று. இரண்டும் தீங்கைப் பற்றியவை.

மைசூருக்கு மேற்கே, ஏறத்தாழ சிரவணபெளகொளா இருக்கும் தொலைவிலேயே, பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள செரா மடத்தில் துறவிகள் பல ஆண்டுகள் படிக்கும் பாடங்களில் வசுபந்துவின் அபிதர்மகோசம் என்ற பௌத்தத் தத்துவ நூலும் ஒன்று. அதில் மதுவைப் பற்றி ஒரு வழக்கு நடக்கிறது. கொலை, களவு, பொய் இவையெல்லாம் இயல்பிலேயே குற்றமானவை. குடிப்பதும் அப்படித்தானா, அல்லது புத்தர் விலக்கினார் என்பதால் மட்டும் குற்றமா? துறவற ஒழுக்க விதிகளைப் பேசும் விநய அறிஞர்கள் ஒரு பக்கம் நின்று, அது இயல்பான குற்றமே என்கிறார்கள். அபிதர்ம அறிஞர்கள் மறுக்கிறார்கள்: குடிப்பதில் இயல்பான குற்றம் இல்லை, பிற குற்றங்களுக்கு அது வாசல் திறந்துவிடுகிறது என்பதால் விலக்கப்பட்டது. அப்படியானால் கொஞ்சமாகக் குடிக்கலாமே என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்கு அவர்கள் சொல்லும் விடை என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. மயக்கும் அளவு எது, மயக்காத அளவு எது என்று மதுவில் வரையறுக்க முடியாது. ஆகவேதான் தர்ப்பைப் புல் நுனியளவுகூட வேண்டாம் என்று விலக்கினார்கள் என்கிறார்கள். திருவள்ளுவரும், புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில்தான் வைத்தார். பரிமேலழகர் வரிசையில் அதற்கடுத்துச் சூது வருகிறது, அதற்கடுத்து மருந்து. அதிகார வைப்பைக் கொண்டு ஒரு கொள்கையையே கட்டிவிடக்கூடாதுதான். வள்ளுவர் கள்ளைக் கடுமையாகவே கண்டிக்கிறார். ஆனாலும் மதிப்பு, அறிவு, குடும்பம், உடல் ஆகியவற்றின் நட்டக் கணக்காக அந்தக் கண்டனம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அதிகாரத்தை ஒருமுறை படித்தாலே உணரலாம்.

ஆக, இந்த மண்ணின் சமயங்கள் போதையை விலக்கியபோது பெரும்பாலும் அதன் விளைவைக் கண்டுதான் விலக்கின. அந்த விலக்கை மீறிய ஒருவர் முன்னால் நிற்கையில், விலக்கின் காரணத்துக்கு உண்மையாக இருப்பது எப்படி? அவருக்கு நேரப்போகும் தீங்கைக் குறைப்பதுதான் அந்தக் காரணத்தைத் தொடர்ந்து காப்பாற்றுகிறது என்பது என் வாதம். விலக்கு மீறப்பட்டதோடு அதன் காரணமும் காலாவதியாகிவிட்டது போல நடந்துகொள்வது, சமயத்தின் சொல்லை வைத்துக்கொண்டு பொருளைத் தொலைப்பதாகும்.

அபிதர்மக்காரர்கள் சொன்ன அளவுப் பிரச்சினையை இன்றைய மாத்திரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். விருந்துகளில் எக்ஸ்டசி என்று புழங்கும் எம்.டி.எம்.ஏ.வின் பெயரில் வாங்குவது எம்.டி.எம்.ஏ.தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பி.எம்.எம்.ஏ. என்று ஒரு சரக்கு உண்டு. அது எம்.டி.எம்.ஏ.வைவிட மெதுவாக ஏறும். உடல்சூட்டைக் கடுமையாக உயர்த்தும். விழுங்கியவர் அரைமணி, முக்கால் மணி பார்க்கிறார். ஒன்றும் தெரியவில்லை, மட்டச் சரக்கு போலிருக்கிறது என்று இன்னொன்று போடுகிறார். இரண்டும் சேர்ந்து ஏறும்போது அவர் கூட்டத்தின் நடுவே, காற்றில்லாத இடத்தில், ஆடிக்கொண்டிருக்கிறார். நெதர்லாந்தில் 1992 முதல் அரசு ஆதரவோடு மாத்திரைகளைச் சோதித்துச் சொல்லும் அமைப்பு ஒன்று இயங்கிவருகிறது. 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை போட்ட இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று அங்கே சோதனைக்கு வந்தது. உள்ளே ஆபத்தான அளவில் பி.எம்.எம்.ஏ. இருந்தது. உடனே நாடு முழுக்கத் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் எச்சரித்தார்கள். அங்கே அந்த மாத்திரையால் சாவு எதுவும் பதிவாகவில்லை. அத்தகைய நாடு தழுவிய ஏற்பாடு இல்லாத பிரிட்டனில் புத்தாண்டை ஒட்டி நான்கு பேர் இறந்தார்கள். எம்.டி.எம்.ஏ.வே அசலாக இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. சூடு ஏறுகிறதே என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. அந்த மருந்து சிறுநீர் வெளியேறுவதைத் தடுப்பதால், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கிச் சாகக்கூடும். எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய சாவுகள் இவை. அளவு தெரியாததால் அடியோடு விலக்கு என்பது விலகி நிற்பவருக்கான அறிவுரை. விலகாதவருக்கு அளவைச் சொல்லாமல் விடுவதற்கு அந்த வாக்கியத்தில் இடம் இல்லை.

சமயத்தை எதிர்த்திசையில் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். சாமுண்டி மலை மேலிருக்கும் தேவியின் கதையில், குபேரன் கொடுத்த வற்றாத மதுக்கிண்ணத்திலிருந்து அவள் குடித்து, கண் சிவந்து, பிறகுதான் மகிஷனை வதைக்கிறாள். அதைக் காட்டி, நம் மரபில் போதை புனிதமாக இருந்தது, பார்ட்டி மாத்திரை அதன் தொடர்ச்சி என்று பேசுவோர் உண்டு. பாங்கு 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்கு வெளியே நிற்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். நஞ்சுண்ட சிவனின் நஞ்சன்கூடு கூப்பிடுதூரத்தில் இருப்பதால் ஆலகால விஷத்தையும் இழுத்துவரலாம். தெய்வம் செய்ததாகச் சொல்லப்படும் ஒன்றிலிருந்து மனிதர் செய்யவேண்டியதற்கு நேர்வழி கிடையாது. என் வாதத்துக்கு இந்தத் துணை தேவையும் இல்லை.

அடுத்த ஆட்சேபம் பெற்றோரிடமிருந்து வருவது, அதனாலேயே கவனமாகக் கேட்கவேண்டியது. கூடாரம் போட்டுச் சோதித்துக் கொடுத்தால், இதுவரை பயத்தால் ஒதுங்கியிருந்த பிள்ளையும் துணிந்துவிடாதா? இதே கேள்வியை இதே மைசூரு இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை சந்தித்தது. பாலியல் தொழிலாளர்களிடையே எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் 2004-ல் தொடங்கியது. அதிலிருந்து அவர்களே நடத்தும் அஷோதயா சமிதி பிறந்தது. ஆணுறை கொடுப்பது விபச்சாரத்தை ஊக்குவிப்பதாகும் என்று இந்தியா எங்கும் அப்போது பேசப்பட்டதை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மைசூரில் 2004-லும் 2006-லும், ஒவ்வொரு முறையும் நானூற்றுச் சொச்சம் பெண்களிடம் ஆய்வு எடுத்தார்கள். எப்போதாவது வரும் வாடிக்கையாளரோடு கடைசி உறவில் ஆணுறை பயன்படுத்தியவர்கள் 65 சதவீதத்திலிருந்து 90 சதவீதமானார்கள். சிபிலிஸ் தொற்று 25-லிருந்து 12 சதவீதமாக இறங்கியது. எச்.ஐ.வி. மட்டும் 26, 24 என்று ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. ஏற்கெனவே தொற்றியவர்களை எந்த ஆணுறையும் மீட்டுவிடாது என்பதால் இதில் வியப்பில்லை. இத்தகைய முன்-பின் ஒப்பீட்டில் எல்லா மாற்றத்தையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாதுதான். இருந்தாலும், அந்தப் பெண்களைத் திருத்தி எடுத்த பிறகுதான் உதவி என்று யாராவது நிபந்தனை போட்டிருந்தால் இந்த எண்கள் எங்கே இருந்திருக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மாத்திரைச் சோதனையிலும் சான்று உண்டு, ஆணுறை அளவுக்குத் திரளாக இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் 2016-ல் நடந்த ஓர் இசைவிழாவில் தி லூப் என்ற அமைப்பு சோதித்ததில், ஐந்தில் ஒன்று விற்றவர் சொன்ன சரக்காக இருக்கவில்லை. முடிவைக் கேட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கையிலிருந்ததை அங்கேயே அழிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். கூடாரத்துக்கு வருபவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் எச்சரிக்கை உள்ளவர்கள், வராதவர்களே ஆபத்தானவர்கள் என்று சொல்வது சரியான விமர்சனம். ஆஸ்திரேலியாவில் இசைவிழாக்களில் இறந்த ஆறு இளைஞர்களைப் பற்றி விசாரித்த நியூ சவுத் வேல்ஸ் மரண விசாரணை அதிகாரி 2019-ல் சோதனை வசதியைப் பரிந்துரைத்தபோது, அது எல்லாச் சாவையும் நிறுத்தும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. நியூசிலாந்து 2021-ல் அதை நிரந்தரச் சட்டமாக்கியது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அடக்கமான ஒரு முடிவு: உண்மையைச் சொன்னால் கூட்டம் கூட்டமாகப் போதைக்குப் பாய்வார்கள் என்ற அச்சத்தை இந்த அனுபவங்கள் தாங்கிநிற்கவில்லை. அதோடு, ஒழுங்காக நடக்கும் சோதனைக் கூடத்தில் இது பாதுகாப்பானது என்ற சொல் வாயிலிருந்து வராது. உங்கள் இதயம் எப்படி என்று எனக்குத் தெரியாது, நீங்கள் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது, எடுக்காமல் இருப்பது ஒன்றுதான் ஆபத்தில்லாதது என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நம்மூர்க் கல்லூரி அரங்கில் போதை ஒழிப்பு நாளன்று நடக்கும் உரையில் பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூடாரத்தில் கேட்பவர் தன் கையிலுள்ள மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்.

மிகவும் கூர்மையான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மாத்திரை விழுங்குபவர் தனக்கு மட்டும் தீங்கு செய்துகொள்ளவில்லை. வாங்குபவர் இருப்பதால்தான் ரிங் ரோட்டுக் கொட்டகை இருக்கிறது. அதை நடத்துபவர்களின் பின்னால் மிரட்டலும் லஞ்சமும் கொலையும் இருக்கின்றன. உண்பவர் இல்லாவிட்டால் ஊனை விற்பவரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் அறத்துப்பாலில் வாதிட்டது இங்கே அப்படியே பொருந்தும். வார இறுதியில் பண்ணை வீட்டில் ஆடும் வசதிபடைத்த பிள்ளை அந்தப் பழியில் பங்காளிதான். இதை மறுக்க நான் தயாராக இல்லை. தீங்குக் குறைப்பு பேசுபவர்கள் பலர் இதை மென்று விழுங்கிவிடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. கேள்வி வேறு. அந்தப் பழிக்கு விலை உயிரா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குடும்பங்களுக்குப் பத்து லட்சம் என்று தமிழக அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு நம் வரிப்பணமா என்ற எரிச்சல் டீக்கடைவரை கேட்டது. அவர்களும் கள்ளச்சாராயக்காரனை வாழவைத்தவர்கள்தான். ஆனால் அவர்களைக் கொன்றது, உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் குடித்தது. சாராயம் குடித்ததற்கு மரண தண்டனை உண்டு என்று நம் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சட்டம் சொல்லாத தண்டனையை மெத்தனால் நிறைவேற்றிவிட்டுப் போகும்போது, அது நியாயமாகவே நடந்தது என்று உள்ளூர ஒரு திருப்தி வருமானால், அந்தத் திருப்திதான் சமணர் எச்சரித்த உடன்பாடு. பிறருக்கு நேர்ந்த தீங்கை மனத்தால் ஆமோதிப்பது அது. கூடாரத்தில் தேடிய குற்றம் கடைசியில் கூடாரத்தைத் தடுப்பவரிடம் அகப்படுகிறது என்பதை நான் வாதச் சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை. சாகட்டும் என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. சாகாமலிருக்க நான் ஏன் செலவழிக்கவேண்டும் என்பவர்கள் ஏராளம்.

இந்திய அரசு இந்தத் தத்துவத்தை ஏற்கவே இல்லை என்பதும் உண்மையில்லை. 1993-லேயே டெல்லியில் ஷரண் என்ற தொண்டு நிறுவனம் ஹெராயின் அடிமைகளுக்கு மாற்றாக புப்ரனார்ஃபின் கொடுக்கத் தொடங்கியது. பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமே அதைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. மணிப்பூரிலும் பஞ்சாபிலும் சுத்தமான ஊசி விநியோகிக்க அரசே பணம் கொடுக்கிறது. 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் ஊசிவழி போதை ஏற்றுபவர்கள் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களுக்கு ஊசி கொடுப்பது உடன்பாடு ஆகாதென்றால், மாத்திரைக்காரருக்கு எச்சரிக்கை கொடுப்பது எப்படி ஆகும்? எனக்குத் தோன்றும் பதில் அவ்வளவு அழகானதல்ல. ஊசியில் எச்.ஐ.வி. இருந்தது; அது மனைவிக்கும் குழந்தைக்கும், கடைசியில் நமக்கும் வரக்கூடும் என்று பயந்தோம். மாத்திரையால் வரும் சாவு விழுங்கியவரோடு நின்றுவிடுகிறது. முதலாவதில் நம்மைக் காப்பாற்றிக்கொண்டோம், அதைக் கருணை என்று எழுதிக்கொண்டோம். இரண்டாவதில் காப்பாற்றிக்கொள்ள நமக்கு ஒன்றும் இல்லாததால் ஒழுக்கம் பேசுகிறோம்.

எங்கே கோடு போடுவது என்று கேட்டால், பார்ட்டி மாத்திரையைச் சட்டபூர்வமாக விற்கவேண்டும் என்ற இடத்துக்கு நான் வரவில்லை. அரசே விற்கும் மதுவின் அனுபவம் அந்த ஆசையை வளர்ப்பதாக இல்லை. தயாரிப்பவரையும் கடத்துபவரையும் பிடிப்பதைத் தளர்த்தச் சொல்லவும் இல்லை. சட்டத்தில் இருக்கும் ஓர் ஓட்டையைத்தான் காட்டுகிறேன். போதைப்பொருள் சட்டத்தின் 27-ம் பிரிவு, உட்கொண்டதற்கே பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை என்கிறது. 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. அடிமைக்கு மட்டும். மாதத்துக்கு ஒருநாள் மாத்திரை போடும் ஐ.டி. ஊழியரோ கல்லூரி மாணவியோ அடிமை இல்லை. அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்காது. 2024 மே மாதம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி அருகே பண்ணை வீட்டு விருந்தில் ரத்தம் சோதிக்கப்பட்ட 103 பேரில் 86 பேருக்குப் போதைப்பொருள் இருந்ததாக முடிவு வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் சூடேறி வலிப்பு வந்து விழுந்திருந்தால் பக்கத்தில் இருந்தவர் 108-ஐக் கூப்பிட்டிருப்பாரா, அல்லது முதலில் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு யோசித்திருப்பாரா? சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 134ஏ பிரிவைச் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுத்தது. ஹெல்மெட் போடாமல் குடித்துவிட்டு ஓட்டியவரைத் தூக்கினாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பண்ணை வீட்டில் மயங்கியவரைத் தூக்குபவருக்கு அது போன்ற பிரிவு ஒன்றை நாடாளுமன்றம்தான் எழுதவேண்டும். அது எப்போது நடக்குமோ.

நாடாளுமன்றம்வரை போகத் தேவையில்லாத வேலை ஒன்று கர்நாடகத்திடமே இருக்கிறது. கைப்பற்றிய சரக்கிலிருந்து எடுக்கும் மாதிரி தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகிறது. உள்ளே என்ன இருந்தது என்று அங்கே தெரிந்துவிடுகிறது. அந்த அறிக்கை நீதிமன்றக் கோப்புக்குள் போய், வழக்கு நடக்கும் ஆண்டுகளெல்லாம் அங்கேயே கிடக்கிறது. பெயர் வேண்டாம், வழக்கு எண் வேண்டாம், யாரிடம் பிடித்தது என்ற விவரமும் வேண்டாம். இன்ன நிறத்தில், இன்ன முத்திரையோடு வரும் மாத்திரையில் இன்ன நஞ்சு இருக்கிறது என்று, தெரிந்த அதே வாரத்தில் மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். மீனாட்சிபுரத்தில் எடுத்த ரத்தமாதிரிகள் வழக்குக்குப் பயன்படட்டும். ரிங் ரோட்டுக் கொட்டகையிலிருந்து எத்தனை கிலோ ஏற்கெனவே வெளியே போயிற்று, அதில் என்ன கலந்திருந்தது என்பது விழுங்கப்போகிறவருக்கும், அவரைக் கொண்டுவந்து சேர்க்கும் நண்பருக்கும், இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்கும் வேண்டிய செய்தி.